குதிரை வாசமடித்த கடிதங்கள்

இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது டொலர். இரவிச்சந்திரன் யோசெப்புக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய காசு அது. ஒரு சதம் கூடவுமில்லை, குறையவுமில்லை. இந்தக் கணக்கு உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அந்த இரண்டு பேரில் ஒருவனை ஐந்து கிழமையாகக் காணவில்லை. மற்றவனோ, காணாமல் போனவனைத் தேடுகிற துப்பறிவாளருக்கு உதவியாளனாக டாக்சி ஓட்டிக்கொண்டு, வாய் ஓயாமல் பகிடி விட்டுக்கொண்டு திரிந்தான்.

வாய் ஓய்ந்தால் நெஞ்சு கதைக்கத் தொடங்கிவிடும் என்று அவனுக்குப் பயம்.

அன்று சனிக்கிழமை காலை ஒன்பது மணி. தொண்ணூற்று நாலாம் ஆண்டின் ஆடி வெயில் மொன்றியால் நகரத்தில் கோட்-டே-நேஜ் தெருவின் தாரை இளக்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடி வீட்டில் யோசெப்பின் மனைவி அஞ்சலீனா மேசையில் மூன்று கடிதங்களை வரிசையாக வைத்தாள். பிறகு கழுத்திலிருந்த தாலிக்கொடியைக் கழற்றி, ஒரு கைலேஞ்சியில் சுற்றி, கடிதங்களுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பன்னிரண்டு மணிக்கு நகைக்கடைக்காரர் வரச் சொன்னவர். ஒரு மணிக்குக் கடை பூட்டிடுவார். ரெண்டரைக்கு பஸ். நான் போய்த் தேடப்போறன்."

"எங்கை அக்கா?" ரவி கேட்டான்.

"வயோமிங்குக்கு."

"அக்கா, அது எங்கடை இலங்கையைப் போல நாலு மடங்கு. இறங்கி ஆரைக் கேக்கப்போறியள், குதிரையையோ?"

"ஓம், கேப்பன். குதிரையாவது உண்மை சொல்லும்."

ரவி சிரித்தான்.

யோசெப் பாண் தொழிற்சாலையில் மாப் பிசைகிறவன். மன்னார்க்காரன். கடற்கரையில் வளர்ந்தவனுக்கு எங்கோ கிடக்கிற மலையிலும் குதிரையிலும் அப்படி என்ன பைத்தியம் என்று கேட்டால், "மன்னாரிலை கழுதைதான் பாத்தனான். அதின்ரை பெரியண்ணனையும் ஒருக்கால் பாத்திட வேணும்" என்பான். நாலு வருடம் மேலதிக வேலை செய்து, ஒரு சதமும் வீணாக்காமல், அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துக்கு மூன்று கிழமைப் பயணம் போகக் காசு சேர்த்தான். அகன்ற தொப்பி ஒன்று வாங்கி ஞாயிறு பூசைக்கே போட்டுக்கொண்டு வந்து பாதிரியாரைச் சிரிக்க வைத்தான். ஆனி மாதம் பதினெட்டாம் திகதி, அஞ்சலீனா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றோடு பஸ் நிலையத்துக்குப் போனான். மூன்று கிழமைக்கு மூன்று கடிதம். பிறகு ஒன்றுமில்லை. ஆளும் இல்லை.

அவன் பஸ் ஏறியிருக்கவே முடியாது என்பது ரவிக்கு முதல் நாளே தெரியும். அந்த வயோமிங் காசு முழுவதையும் மாசி மாதத்தில் ரவிதான் வாங்கினான். வெள்ளவத்தையில் இருக்கிற அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன், வைகாசி முடிய முதல் தந்திடுவன், அக்காவுக்கு மட்டும் சொல்லிப்போடாதை என்று கையைப் பிடித்து வாங்கினான். இதை ஐந்து கிழமைக்கு முன்பே சொல்லியிருந்தால் அஞ்சலீனா கொடியைக் கழற்றியிருக்க மாட்டாள். ஒவ்வொரு நாளும் சொல்ல வாயைத் திறந்தான். ஒவ்வொரு நாளும் வாயிலிருந்து பகிடிதான் வந்தது.

துப்பறிவாளர் குணரத்தினம் கடிதம் ஒன்றை எடுத்து மூக்கருகே பிடித்து மணந்தார்.

ஐம்பது தாண்டிய மெலிந்த மனிதர். கிழமை நாட்களில் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை. இயந்திரத்தில் போடுமுன் அங்கிகளின் பையைத் துழாவிப் பார்ப்பதும், எந்தத் துணியில் என்ன பட்டிருக்கிறது என்று மணந்து பிரிப்பதும் அவர் தொழில். ஏழு வருடம் மற்றவர்களின் பையைத் துழாவியவருக்கு மற்றவர்களின் மனசைத் துழாவுவது பெரிய வேலையாகத் தெரியவில்லை. மொன்றியால் தமிழருக்குள் மொட்டைக் கடுதாசியோ, சீட்டுக்காசோடு ஓடிய ஆளோ என்றால், பொலிசுக்கு முதல் அவருக்குத்தான் ரெலிபோன் போகும்.

"குதிரை வாசம்," என்றார்.

"அதுதானே அண்ணை சாட்சி," அஞ்சலீனாவின் குரல் இளகியது. "இவர் குதிரையோடைதான் நிக்கிறார். வாசிச்சுப் பாருங்கோ."

குணரத்தினம் இரண்டாவது கடிதத்தை உரத்து வாசித்தார். "திங்கட்கிழமை ரப்பர்ப் படகில் ஆற்றில் போனோம். செவ்வாய்க்கிழமை மாலை வெளியில் விறகு மூட்டி எருமை இறைச்சி வாட்டினார்கள். நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன். புதன்கிழமை பழைய கோட்டை பார்த்தோம். மேற்கே குடியேறப் போன சனங்களின் மாட்டுவண்டிச் சில்லுப் பட்டுப் பாறையே முழங்கால் ஆழத்துக்குத் தேய்ந்து கிடக்கிறது. அவர்களும் எங்களைப் போல வீடுவாசலை விட்டு வந்தவர்கள்தான். ஆனால் அவர்கள் மாட்டையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். எங்களுக்கு அதற்கும் நேரம் கிடைக்கவில்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அஞ்சலீனா, யோசெப் செவ்வாய்க்கிழமையிலை மச்சம் சாப்பிடுறவரோ?"

"அந்தோனியார் நாளிலையோ? பதினேழு வருசமா இவர் ஒரு நெத்தலி வாயிலை வைச்சதில்லை. கலவரத்திலை உயிர் தப்பினதுக்கு வைச்ச நேத்தி அது." சொல்லி முடித்ததும் அவளுடைய கை வாயை மூடிக்கொண்டது.

"எருமை இறைச்சி எண்டால் அந்தோனியார் கண்டுபிடிக்க மாட்டார் எண்டு நினைச்சிருப்பான்," ரவி சொன்னான். ஒருவரும் சிரிக்கவில்லை.

"அவரின்ரை பயண விளம்பர மடிப்புத்தாள் இருக்கோ?" குணரத்தினம் கேட்டார்.

அஞ்சலீனா தலையணைக்குக் கீழிருந்து கொண்டுவந்தாள். அவளும் அதைத்தான் இரவிரவாகப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள் என்று தெரிந்தது. குணரத்தினம் தாளையும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். திங்கள், ஆற்றுப் படகு. செவ்வாய், விறகடுப்பில் எருமை இறைச்சி. புதன், கோட்டையும் வண்டித் தடமும்.

"தாளிலை கிடந்ததைத் தமிழிலை எழுதிப்போட்டார். எழுதுற அவசரத்திலை தன்ரை நேத்தியையே மறந்திட்டார். மாட்டைப் பற்றி எழுதின வரி மட்டும் அவரின்ரை சொந்தச் சரக்கு." பிறகு உறையைத் திருப்பி முத்திரையைக் காட்டினார். "அமெரிக்க முத்திரைதான். ஆனால் மேலை குத்தின மையைப் பாருங்கோ. பிளாட்ஸ்பர்க். மூண்டும் சனிக்கிழமை குத்தினது."

பிளாட்ஸ்பர்க் எல்லைக்கு அந்தப் பக்கம், மொன்றியாலில் இருந்து ஒரு மணித்தியால ஓட்டம். எங்கள் சனம் மலிவுப் பாலும் கோழியும் வாங்கப் போகிற இடம்.

"வயோமிங் கடுதாசி பால் வாங்க வந்திருக்கு," என்றான் ரவி.

"ஓம். அதோடை உந்தக் குதிரை வாசம் மூவாயிரம் கிலோமீற்றர் தபால் பையிலை கிடந்து வந்த வாசம் இல்லை. பக்கத்திலை இருந்து வந்தது." குணரத்தினம் எழுந்தார். "யோசெப் உந்தக் கடிதங்களை எழுதேக்கை மொன்றியாலிலைதான் நிண்டிருக்கிறார். பன்னிரண்டு மணிக்கு முதல் நான் கூட்டிக்கொண்டு வாறன். கொடியை வித்துப்போடாதேங்கோ."

"இஞ்சை நிண்டவர் எண்டால் ரெண்டு கிழமையா ஏன் எழுதேல்லை?" அஞ்சலீனா கேட்டாள். "ஆள் உயிரோடை இருக்கிறாரோ அண்ணை? பன்னிரண்டு மட்டும்தான் பாப்பன். பேந்து வித்துப்போட்டு, போற இடமெல்லாம் போய்த் தேடுவன்."

குணரத்தினம் கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்தார். ரவிக்கோ கால் படியில் தடக்கியது.

சனிக்கிழமை தவறாமல் எல்லை தாண்டிப் போகிற ஆள் அவர்களுடைய கோவிலில் ஒருவர்தான்: பாடகர் குழுவில் கட்டைக் குரலில் பாடுகிற மரியதாசன். வீடு கார்ட்டியர்வில்லில், நிலத்தளம். மணியடித்ததும் உள்ளே எதையோ இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது.

"ஆரது?"

"நாங்கள்தான் அண்ணை. கஸ்டம்ஸ் இல்லை," என்றான் ரவி.

கதவு உடனே திறந்தது. மரியதாசனின் மொட்டைத் தலை வேர்த்திருந்தது. "உந்தப் பகிடி என்னோடை வேண்டாம் ரவி."

"பிடிபட்டிட்டியள் போல," என்றார் குணரத்தினம்.

"ரெண்டு கிழமைக்கு முதல். பதினெட்டு றாத்தல் சீஸ், இருபது கோழிக்கால். சீஸுக்கு மேலை மனிசியை இருத்தி வைச்சனான். பாவி அவளையும் இறங்கச் சொல்லிப்போட்டான்."

"அக்காவுக்கும் வரி போட்டவங்களோ?"

"நீ வாயை மூடு. இனி எல்லைப் பக்கம் தலை வைச்சும் படுக்கமாட்டன் எண்டு முடிவெடுத்திட்டன்."

"அதாலைதான் யோசெப்பின்ரை கடிதம் நிண்டது," குணரத்தினம் மெதுவாகச் சொன்னார். "கொண்டுபோய்ப் போட ஆள் இல்லை."

மரியதாசன் கதிரையில் இருந்தார். "அந்தோனியார் மேலை சத்தியம் வாங்கிப்போட்டான். ஆள் எங்கை எண்டு சொல்லமாட்டன்."

"சொல்ல வேண்டாம். போடாத கடிதம் இருக்கும். அதைத் தாங்கோ."

அதற்கு அவர் சத்தியம் பண்ணியிருக்கவில்லை. அலுமாரியிலிருந்து இரண்டு உறைகள் வந்தன. "ஒண்டு அவன் கையாலை தந்தது. மற்றது பேந்து ஒரு வெள்ளைக்காரப் பெடியன் கொண்டுவந்து தந்திட்டுப் போனது. ஆள் வரேல்லை."

கையால் தந்ததில் வயோமிங் மலை நன்றாக இருப்பதாகவும் இன்னும் சில கிழமை நிற்கப் போவதாகவும் எழுதியிருந்தது. மற்றதில் இரண்டே வரி. "காலில் சின்னக் காயம். யோசிக்க வேண்டாம்." எழுத்து கோணலாகப் போயிருந்தது.

குணரத்தினம் மணந்து பார்த்துவிட்டு, மரியதாசனின் மனைவி வைத்துவிட்டுப் போன தேத்தண்ணியையும் குடியாமல், ரெலிபோனை எடுத்து அஞ்சலீனாவை அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் நேரத்தோடே வெளிக்கிட்டுவிட்டாள். பிறகு வேறொரு எண்ணைச் சுழற்றி இரண்டு வார்த்தை கதைத்தார். ரவிக்கு அது காதில் விழவில்லை. அவன் காதில் "காலில் சின்னக் காயம்" என்பதுதான் ஒலித்துக்கொண்டிருந்தது.

காருக்குள் ஏறியதும் குணரத்தினம் கேட்டார். "ரவி, நீ எட்டு வருசமா உந்த நகரத்திலை டாக்சி ஓடுறாய். குதிரை எங்கை நிக்கும்?"

பதில் ரவியின் நாக்கு நுனியில் நின்றது. பழைய மொன்றியாலில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றித் திரிகிற குதிரை வண்டிகள். அந்தக் குதிரைகள் ஓய்வெடுக்கிற லாயம் கால்வாய்ப் பக்கம், ஆலைகளுக்குப் பின்னால். குதிரை வாசம் பக்கத்திலிருந்து வந்தது என்று கேட்ட நிமிடமே அவனுக்கு அது விளங்கிவிட்டது. அங்கே போனால் யோசெப் வாயைத் திறப்பான். திறந்தால் கண் ஒப்பரேசன் கதை வெளியே வரும். கண் ஒப்பரேசன் வந்தால் அதற்குப் பின்னால் நிற்கிறதும் வரும்.

"பொலிஸ் குதிரை அண்ணை," என்றான். "மவுண்ட் ராயல் மலையிலை."

கார் மலைக்கு ஏறியது.

மலையில் லாயம் துப்புரவாக இருந்தது. ஒரு பொலிஸ்காரப் பெண் சிரித்தபடி தலையாட்டினாள். இல்லை, வெளியாட்கள் இங்கே வேலை செய்வதில்லை. தமிழரா, இல்லை. மெர்சி, நன்றி, ஒரு பிரச்சினையும் இல்லை. திரும்பி வரும்போது குணரத்தினம் காரில் ஏறாமல், நகரத்தைப் பார்க்கிற கல்மதிலில் சாய்ந்து நின்றார். கீழே ஆறு வெள்ளித் தகடு போலக் கிடந்தது. மணி பதினொன்று நாற்பது.

"அண்ணை, நேரம் போகுது."

"ஓம், போகுது. நீதானே போக்காட்டினாய்."

ரவி கார்ச் சாவியை விரலில் சுற்றினான்.

"ஐஞ்சு கிழமையா நீ எல்லாத்தையும் பகிடி பண்ணிப்போட்டாய். அவன்ரை தொப்பி, அவன்ரை சப்பாத்து, அவன்ரை இங்கிலீசு, அஞ்சலீனா கட்டிக்குடுத்த புளிச்சோறு. ஒண்டை மட்டும் தொடேல்லை. பாண் பிசையிறவன் உவ்வளவு பெரிய பயணத்துக்கு எங்காலை காசு எடுத்தவன் எண்டு ஒரு பகிடி இல்லை. கோவிலிலை எல்லாரும் முதல் விட்டது அந்தப் பகிடிதான்."

கீழே நகரத்தில் எங்கோ மணியடித்தது.

"பேந்து இண்டைக்கு. ஒவ்வொரு நாளும் தெருவை மறிக்கிறாங்கள் எண்டு குதிரை வண்டிக்காரரைத் திட்டுறவன் நீ. நான் குதிரை எண்டு கேக்க, உனக்குப் பொலிஸ் ஞாபகம் வருது." அவர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லாததுதான் ரவியைச் சுட்டது. "எவ்வளவு?"

"ரெண்டாயிரத்து அறுநூற்று நாற்பது."

"அவனை நீ ஏதும்..."

"ஐயோ இல்லை அண்ணை. கடன். கடன் மட்டும்தான்."

"அப்ப ஓடு. மிச்சத்தை என்னட்டைச் சொல்லாதை. காசு குடுத்தவனுக்குச் சொல்லு."

மலையிலிருந்து இறங்கிய வேகத்தில் ரவி இரண்டு சிவப்பு விளக்கைக் காணவில்லை. அவனுடைய வாயில் ஒரு பகிடியும் வரவில்லை.

லாயம் தகரக் கூரை போட்ட பழைய கட்டிடம். வாசலில் சக்கர வண்டிகள் கையை நிலத்தில் ஊன்றிக் கிடந்தன. "போன்ஜூர்" என்று எழுந்த கிழவர், தமிழ் முகத்தைக் கண்டதும் கேள்வி கேட்காமல் உள்ளே கையைக் காட்டினார். "ழோசெப்."

கடைசித் தடுப்பில், கவிழ்த்து வைத்த வாளியில் யோசெப் இருந்தான். அகன்ற தொப்பி தலையில். இடது கால் முழங்கால் வரை கட்டுப் போட்டு ஒரு வைக்கோல் கட்டின் மேல் நீட்டியிருந்தது. மடியில் தோல்வார், கையில் எண்ணெய்த் துணி. பின்னால் வெள்ளைக் குதிரை ஒன்று அவனுடைய தோளில் தாடையை வைத்துக்கொண்டு நின்றது. அந்தக் காலை மிதித்ததும் அதுதான் என்று பிறகு தெரிந்தது.

யோசெப் தலை நிமிர்ந்தான். குணரத்தினத்தைப் பார்க்கவில்லை. ரவியைத்தான் பார்த்தான்.

"அம்மாவுக்குக் கண் எப்பிடி மச்சான்?"

வரும் வழியெல்லாம் அவன் திட்டுக்குத் தயாராக இருந்தான். அடிக்குக்கூடத் தயாராக இருந்தான். இதற்குத் தயாராக இருக்கவில்லை.

குணரத்தினம் வாசல் பக்கம் போய், கிழவருக்குப் பக்கத்தில் நின்று, ஒரு வண்டிச் சில்லைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்.

"அம்மாவுக்குக் கண்ணிலை ஒண்டுமில்லை," ரவி சொன்னான். "இப்பவும் கண்ணாடி இல்லாமல் ஊசி கோப்பா. ஒப்பரேசன் ஒண்டும் நடக்கேல்லை. அந்தக் காசை நான் தீவிலை புதுசாத் திறந்த கசினோவிலை விட்டிட்டன். ரெண்டு பின்னேரம். முதல் நாள் தொள்ளாயிரம் வெண்டனான். உன்ரை காசோடை எனக்கும் ஒரு டாக்சி அனுமதி எடுக்கலாம் எண்டு நினைச்சன். அடுத்த நாள் எல்லாம் போயிட்டுது."

யோசெப் எண்ணெய்த் துணியை மடித்தான். விரித்தான். மறுபடி மடித்தான்.

"காசு போகட்டும்," என்றான் கடைசியில். "ஞாயிறு ஞாயிறா உன்ரை அம்மான்ரை கண்ணுக்கு நான் மெழுகுதிரி கொளுத்தினன். அதையும் கொண்டுபோய் மேசையிலை வைச்சு ஆடிப்போட்டாய்."

ரவி வைக்கோலைப் பார்த்துக்கொண்டு நின்றான். "நீ ஏன் அக்காவுக்குச் சொல்லேல்லை? ஏன் இஞ்சை வந்து..."

"சொல்லாதை எண்டு நீதானே கையைப் பிடிச்சனி. வீட்டிலை நிண்டால் ஏன் பயணம் போகேல்லை, காசு எங்கை எண்டு கேப்பாள். அவளின்ரை முகத்தைப் பாத்துப் பொய் சொல்ல எனக்கு வராது. கடுதாசியிலை எண்டால் வரும்." யோசெப் குதிரையின் மூக்கைத் தள்ளிவிட்டான். "மணித்தியாலத்துக்கு ஆறு டொலர். அந்தக் காசை இஞ்சை உழைச்சு எடுத்துக்கொண்டு போனால், உன்ரை கதை ஒருத்தருக்கும் தெரியாமல் போயிடும் எண்டு பாத்தன். இந்தச் சனியன் காலை மிதிச்சதாலை கணக்குப் பிழைச்சுப் போச்சு."

காணாமல் போனவன் தன் வெட்கத்தை மறைக்க ஒளித்திருக்கிறான் என்றுதான் ரவி ஐந்து கிழமையாக நினைத்திருந்தான். அவன் மறைத்தது ரவியின் வெட்கத்தை. அதற்காகச் சாணி அள்ளினான். அதற்காகக் கால் நசுங்கினான். இதே நேரத்தில் நகரத்தின் மறுபக்கத்தில் ஒருத்தி தாலிக்கொடியை நிறுக்கக் கொடுத்திருக்கிறாள்.

"அக்கா கொடியை விக்கப் போயிட்டா," ரவி சொன்னான். "உன்னைத் தேட வயோமிங்குக்குப் போறதுக்கு. எழும்பு மச்சான். கெதியா எழும்பு."

யோசெப்பின் முகம் அப்போதுதான் முதல் தடவையாக வெளிறியது.

நகைக்கடை வாசலில் கார் நின்றபோது மணி பன்னிரண்டு ஐம்பது. உள்ளே நகைக்கடைக்காரர் தராசில் கொடியை வைத்து, கண்ணாடியைத் துடைத்து, எடையை எழுதி, வெட்டி, மறுபடி வைத்துக்கொண்டிருந்தார். இது ஏழாவது தடவை என்று அஞ்சலீனா கோபத்தோடு சொல்லிக்கொண்டு நின்றாள். அவர் குணரத்தினத்தைக் கண்டதும் பெருமூச்சு விட்டார்.

"அண்ணை, ஆள் வரும் வரைக்கும் நிறுத்துக்கொண்டிரு எண்டு ரெலிபோன் அடிச்சியள். என்ரை கை ஓஞ்சு போச்சு."

அஞ்சலீனா திரும்பினாள். வாசலில் தொப்பியும், கட்டுப்போட்ட காலும், குதிரை வாசமுமாக அவளுடைய புருசன் ரவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் ஓடிப் போகவில்லை. கொடியைத் தராசிலிருந்து எடுத்து, கழுத்தில் போட்டு, கொக்கியைச் சரியாகக் கொழுவிவிட்டுத்தான் அழத் தொடங்கினாள்.

வெளியே காருக்குப் பக்கத்தில் ரவி சட்டைப்பையைத் தடவினான். "கையிலை எண்ணூறு இருக்கு. மிச்சத்தை மாதம் மாதம்..."

"எண்ணூறு எனக்கு வேண்டாம்," என்றான் யோசெப். "இஞ்சை இருந்து வயோமிங் எவ்வளவு தூரம்?"

"மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர்."

"உன்ரை மீட்டர் ஒரு கிலோமீற்றருக்கு எவ்வளவு காட்டும்?"

"ஒரு டொலர்."

யோசெப் தலையை ஆட்டினான். "அப்ப என்னையும் அவளையும் ஏத்து. மீட்டரைப் போட்டு ஓட்டு. கடன் அதிலை கழியட்டும்."

கால் கட்டு அவிழ்த்து இரண்டு கிழமைக்குப் பிறகு, ஆவணி மாதத்து ஒரு காலையில் அவர்கள் வெளிக்கிட்டார்கள். கூரை விளக்கைக் கழற்றி வீட்டில் வைத்திருந்தான் ரவி. பெற்றோல் அவனுடையது, ஓடாத நாட்களின் வருமானம் அவனுடையது. யோசெப் பின்கதவைத் திறந்து அஞ்சலீனாவுக்குப் பக்கத்தில் ஏறினான். "போவம்," என்றான், தெருவில் கை காட்டி மறித்த வாடிக்கையாளர் சொல்வதைப் போல. ரவி மீட்டரைப் போட்டான்.

ஒன்ராறியோ முழுக்க எண்கள் ஓடின. ஆயிரம் வந்ததும் மீட்டர் பூச்சியத்துக்குத் திரும்பியது. யோசெப் பாண் பையில் ஒரு கோடு கீறினான். சிக்காகோவைத் தாண்டிய பிறகு, ஒருவரும் கேட்காமலே, ரவி அஞ்சலீனாவுக்கு எல்லாவற்றையும் சொன்னான். கசினோவை, அம்மாவின் நல்ல கண்ணை, மலைக்குப் போன அந்த ஒரு மணித்தியாலத்தை. கண்ணாடியில் அவளுடைய முகத்தைப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை. காசுக்கு மீட்டர் ஓடும், மெழுகுதிரிக்கு ஓடாது என்று அவனுக்குத் தெரியும். விஸ்கொன்சின் மாநிலம் முழுவதும் அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. அடுத்த மாநிலத்தில் ஆறு ஒன்று தெரிந்தபோது, பின்னாலிருந்து ஒரு கை வந்து ரொட்டியும் சம்பலும் சுற்றிய தாளை அவனுடைய மடியில் போட்டது.

இரண்டாவது கோடும் விழுந்தது. நான்காம் நாள் மத்தியானம், மிசூரி ஆற்றைத் தாண்டி ஒரு மணித்தியால ஓட்டத்தில், இரண்டு பக்கமும் புல்லைத் தவிர வேறொன்றும் இல்லை. மரமில்லை, வீடில்லை. காற்று புல்லை ஒரு பக்கமாக வாரி வாரி விட்டது. வயோமிங் எல்லைக்கு இன்னும் முன்னூற்றைம்பது கிலோமீற்றர். மீட்டர் அறுநூற்று முப்பத்தெட்டைக் காட்டியது. முப்பத்தொன்பது.

நாற்பது.

"நிப்பாட்டு," என்றான் யோசெப்.

ரவி ஓரத்தில் நிறுத்தினான். பின்கதவு திறந்து மூடியது. நொண்டி நொண்டி நடக்கிற சத்தம் சரளைக்கல்லில் கேட்டது. யோசெப் காரைச் சுற்றி வந்தான். கொஞ்ச நேரம் தொப்பியைப் பிடித்துக்கொண்டு புல்வெளியைப் பார்த்தபடி நின்றான். பிறகு முன்கதவைத் திறந்து, சீட்டில் கிடந்த வரைபடத்தை எடுத்துப் பின்னால் போட்டுவிட்டு, ரவிக்குப் பக்கத்தில் ஏறி இருந்தான். கையை நீட்டி மீட்டரை நிப்பாட்டினான். சிவப்பு எண்கள் அணைந்தன.

"எடு மச்சான்," என்றான். "இனிப் பெற்றோலுக்குப் பாதிக் காசு நான் போடுறன்."